ஸ்க்ரீன் ரீடரோட எந்த ஆபீஸ் ஒத்துப்போகும்: லிப்ரே ஆபீஸா, வேர்டா, வேற எதாவதா?

பார்வையில்லாத பசங்களுக்குன்னு காலேஜ் லேப்ல நாலஞ்சு கம்ப்யூட்டர் ஒதுக்கறாங்க, கம்ப்யூட்டர் வாங்கறதுலயே காசு தீந்துடுது, அதனால "லிப்ரே ஆபீஸ் ஃப்ரீ தானே, அதைப் போட்டுடலாமா சார், ஸ்க்ரீன் ரீடர் வாசிக்குமா"ன்னு கேக்கறாங்க. இன்னொரு பக்கம், சர்க்கரையால கண்ணு மங்கின அப்பாவுக்கு லெட்டர் அடிக்க என்ன போட்டுக் குடுக்கலாம்னு கேக்கற பிள்ளைங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. வாசிக்குமான்னு கேட்டா வாசிக்கும். எந்த வேலைக்கு, எந்த ஸ்க்ரீன் ரீடரோடன்னு கேட்டாத்தான் பதில் பிரிய ஆரம்பிக்கும்.

என் சாய்வு எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடறேன். எனக்கு ஓப்பன் சோர்ஸ் பிடிக்கும். ஆனா பார்வையுள்ள ஒருத்தர் தன்னோட கொள்கைக்காக பார்வையில்லாத ஒருத்தர் தலைல ஒரு சாஃப்ட்வேரைக் கட்டறது பிடிக்காது. அவங்க அன்னாடம் செய்யற வேலை என்னங்கறதைப் பாத்துட்டு அப்புறம் லைசென்ஸைப் பாப்போம்.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா மத்ததெல்லாம் ஈஸியா புரியும். ஸ்க்ரீன் ரீடர் ஸ்க்ரீனைப் பாத்துப் படிக்கறதில்ல. அந்த சாஃப்ட்வேரே "இது ஒரு பட்டன், பேரு சேவ், இப்ப அழுத்த முடியாது", "இது ஹெடிங், லெவல் 2"ன்னு ஆபரேட்டிங் சிஸ்டம் வழியா சொல்லணும், சொன்னதைத்தான் அது குரலாவோ பிரெயிலாவோ மாத்தித் தரும். சொல்லலன்னா, ஸ்க்ரீன்ல எவ்ளோ அழகா தெரிஞ்சாலும் அது சுவத்துல வரைஞ்ச கதவு தான். லிப்ரே ஆபீஸ் பிரிஞ்சு வந்ததே ஓப்பன் ஆபீஸ்லேர்ந்து தான். அந்தப் பழைய ஓப்பன் ஆபீஸ் காலத்துல விண்டோஸ்ல இதுக்கு ஜாவா ஆக்சஸ் பிரிட்ஜ்னு ஒண்ணு வேணும், ஜாவாவைத் தனியா போடணும், பிரிட்ஜைத் தனியா போடணும், அப்புறம் ஆப்ஷன்ஸ்க்குள்ள போயி ஒரு டிக் போடணும், அந்த டிக்கைப் போடறதுக்கே பக்கத்துல பார்வையுள்ள ஆள் ஒருத்தர் வேணும். 2006ல ஐபிஎம் ஐஆக்சஸிபிள்2ன்னு ஒரு இன்டர்ஃபேஸை உருவாக்கி யாரு வேணா எடுத்துக்கங்கன்னு பொதுவுல விட்டாங்க. அவங்களோட ஆபீஸ் சாஃப்ட்வேரான லோட்டஸ் சிம்ஃபனில அது இருந்துச்சு, அந்த கோடு ஓப்பன் ஆபீஸை எடுத்து நடத்தற அப்பாச்சி அமைப்புக்குப் போச்சு, 2014ல அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் 4.1ல வந்துச்சு, அதே சமயத்துல லிப்ரே ஆபீஸ் 4.2, 4.3 வெர்ஷன்கள்லயும் வந்துடுச்சு. ஜாவா தொல்லை அதோட ஒழிஞ்சுது. அதனால "ஓப்பன் ஆபீஸா, அதெல்லாம் வாசிக்காதுங்க"ன்னு யாராவது சொன்னா, அவங்க கடைசியா எப்ப போட்டுப் பாத்தாங்கன்னு கேளுங்க.

அந்தப் பேரு ஏன் அவ்ளோ கெட்டுப் போச்சுங்கறதுக்கு ஒரு பெரிய கதையே இருக்கு. 2005 செப்டம்பர்ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநில அரசு, 2007 ஜனவரி 1லேர்ந்து எங்க ஆபீஸ்கள்ல ஃபைலெல்லாம் ஓடிஎஃப்ங்கற, ஓப்பன் ஆபீஸ் சேவ் பண்ற பொது ஃபார்மட்ல தான் இருக்கணும்னு முடிவு பண்ணுச்சு. ஓப்பன் சோர்ஸ்காரங்க எல்லாம் கொண்டாடினாங்க. ஆனா அரசு வேலைல இருந்த பார்வையில்லாத ஊழியர்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் எழுந்து, எங்க ஸ்க்ரீன் ரீடர் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோட தான் ஒழுங்கா வேலை செய்யுது, நீங்க மாத்தினா நாங்க எப்படி வேலை பாக்கறதுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. சிலர் இதை மைக்ரோசாஃப்ட்காரங்க தூண்டிவிட்டதுன்னு பேசினாங்க, யாரு தூண்டினா என்ன, வாசிக்கலங்கறது உண்மை தானே. கடைசில மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்லயே இருந்துக்கிட்டு பிளக்-இன் போட்டு ஓடிஎஃப்ல சேவ் பண்ற வழிக்குப் போனாங்க, 2007ல மைக்ரோசாஃப்டோட ஃபார்மட்டும் லிஸ்ட்ல சேந்துடுச்சு. இந்தச் சண்டைல நல்லதும் ஒண்ணு நடந்துச்சு. 2007 பிப்ரவரில வந்த ஓடிஎஃப் 1.1 முழுக்க ஆக்சஸிபிலிட்டிக்குன்னே திருத்தின வெர்ஷன். கேக்கற இடத்துல கேட்டா ஓப்பன் சோர்ஸ்ல திருத்தம் நடக்கும், ஆனா கேட்டதுக்கு அப்புறம் தான் நடக்கும், அதுவும் மெதுவா.

சரி, இன்னிக்கு நிலைமை. விண்டோஸ், அதுல என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர், இதைத்தான் அடிப்படையா எடுத்துக்கறேன். என்விடிஏவும் ஓப்பன் சோர்ஸ் தான், 2006ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன் ஆரம்பிச்சது, அவரும் கூட சேந்த ஜேம்ஸ் டெஹும் பார்வையில்லாதவங்க. காசு கிடையாது, பென் டிரைவ்ல போட்டுக்கூட எடுத்துட்டுப் போலாம். காசு குடுத்து வாங்கற ஸ்க்ரீன் ரீடரான ஜாஸ் நல்ல சாஃப்ட்வேர், நான் மறுக்கல, ஆனா அதோட விலைக்கு நம்ம ஊர் காலேஜ் எதுவும் அஞ்சு லைசென்ஸ் வாங்காது, அதோட ஜாஸ் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குன்னு வருஷக்கணக்கா செதுக்கினது, லிப்ரே ஆபீஸோட அவ்ளோ ஒட்டாது. ஜாஸ் வச்சிருக்கீங்கன்னா வேர்டோடவே இருங்க, மேல படிக்கவேண்டாம்.

என்விடிஏவும், லிப்ரே ஆபீஸ்ல வேர்டு மாதிரி இருக்கற ரைட்டரும் சேந்தா லெட்டர், அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கதை கட்டுரை எல்லாம் தாராளமா எழுதலாம். எழுத்து எழுத்தா, வார்த்தையா, வரியா வாசிக்கும், ஃபான்ட் சைஸ், போல்டு எல்லாம் கேட்டா சொல்லும், எஃப்7 அடிச்சா ஸ்பெல்லிங் பாக்கும். கன்ட்ரோலோட 1, 2, 3 அடிச்சா ஹெடிங் லெவல், வேர்டுல இதுக்கே ஆல்ட்டும் சேத்து அழுத்தணும். புதுசா கத்துக்கறவங்களுக்கு ரைட்டர்ல இன்னொரு வசதி அந்தப் பழைய மெனு. ஆல்ட் அடிச்சு ஃபைல், எடிட், வியூன்னு அம்புக்குறில போயிட்டே இருக்கலாம், ஒவ்வொண்ணும் பேரும் ஷார்ட்கட்டும் சொல்லும். வேர்டோட ரிப்பன்ல டேப், குரூப், அதுக்குள்ள பட்டன், பட்டனுக்குள்ள இன்னொரு மெனுன்னு இருக்கு, பழகிட்டா வேகம் தான், ஆனா முதல் ஒரு மாசம் எங்க நிக்கறோம்னே தெரியாது. இது கேட்டுக் கேட்டுப் படிக்கறவங்களுக்கு எவ்ளோ பெரிய வித்தியாசம்னு பாக்கறவங்களுக்குப் புரியாது. ரைட்டர்லயும் ரிப்பன் மாதிரி ஒரு தோற்றம் இருக்கு, வியூ மெனுல யூசர் இன்டர்ஃபேஸ்னு வரும், அழகா இருக்குன்னு லேப் அசிஸ்டென்ட் அதை மாத்தி வச்சுடாம பாத்துக்கங்க.

இப்ப வேர்டு பக்கம். வேர்டுல என்விடிஏ பட்டனோட (வழக்கமா இன்சர்ட் தான் அது) ஸ்பேஸ் அடிச்சா பிரவுஸ் மோடு வந்துடும், அப்புறம் எச் அடிச்சா அடுத்த ஹெடிங், டி அடிச்சா அடுத்த டேபிள், வெப் பேஜ்ல போற மாதிரியே டாக்குமென்ட்ல தாவலாம். 80 பக்க தீசிஸை திரும்பப் படிச்சுத் திருத்தறப்ப இது பெரிய வரம். ரைட்டர்ல எஃப்5 அடிச்சு நேவிகேட்டர் திறந்து, ஹெடிங் லிஸ்ட்ல தேடி, என்டர் அடிச்சுப் போகலாம், வேலை ஆகும், ஆனா ஒவ்வொரு தடவையும் உள்ள போயி வெளிய வரணும். கமென்ட்டும் அப்படித்தான். கைடு ஒரு பக்கத்துக்கு பத்து கமென்ட் எழுதற ஆளா இருந்தா, ட்ராக் சேஞ்ச் போட்டுத் திருத்தி அனுப்பற ஆளா இருந்தா, வேர்டு தான் சரி. வேர்டுல கமென்ட் எங்க, என்ன எழுதியிருக்கு, எதை அடிச்சிருக்காங்க, எதைச் சேத்திருக்காங்கன்னு ஸ்க்ரீன் ரீடர் சுத்தமா சொல்லும். ரைட்டர்ல கன்ட்ரோல் ஆல்ட் பேஜ் டவுன் அடிச்சு கமென்ட்டுக்குப் போகலாம், ஆனா பத்து பேரோட திருத்தம் கலந்து கிடக்கற ஃபைல்ல பொறுமை போயிடும்.

ஏன் இந்த வித்தியாசம்னா, வேர்டும் எக்செலும் தானா அவ்ளோ நல்லா பேசக் கத்துக்கல. ஸ்க்ரீன் ரீடர் எழுதினவங்க வருஷக்கணக்கா வேர்டோட ஆப்ஜெக்ட் மாடலுக்குள்ளயே, அதாவது வேர்டு டாக்குமென்ட்டை உள்ள வச்சிருக்கற அமைப்புக்குள்ளயே நேரா போயி விஷயத்தைத் தோண்டி எடுத்தாங்க, வேர்டு சொல்லாததைக்கூட கேட்டு வாங்கினாங்க. லிப்ரே ஆபீஸுக்கு அப்படி தனியா உழைச்ச ஆள் கம்மி, பொது வழில அது எவ்ளோ சொல்லுதோ அவ்ளோ தான் கிடைக்கும். சமீப வருஷங்கள்ல லிப்ரே ஆபீஸை நடத்தற டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் ஆக்சஸிபிலிட்டிக்குன்னே ஒரு டெவலப்பரை சம்பளத்துக்கு வச்சிருக்காங்க, அதோட பலன் ஒவ்வொரு வெர்ஷன்லயும் தெரியுது, அதனால லிப்ரே ஆபீஸ் போடறதா இருந்தா புது வெர்ஷன் தான் போடணும், யாரோ சிடில வச்சிருந்த பழசைப் போட்டுட்டு திட்டக்கூடாது.

ஸ்ப்ரெட்ஷீட்ல வித்தியாசம் இன்னும் பெருசு. மார்க் லிஸ்ட் ஒண்ணு, 60 பசங்க, 8 பாடம்னு வச்சுக்கங்க. எக்செல்ல என்விடிஏ பட்டனும் ஷிஃப்ட்டும் சி-யும் அடிச்சு மேல இருக்கற வரிசையை காலம் (நெடுவரிசை) ஹெடர்னு குறிச்சுட்டா, அப்புறம் எந்த செல்லுக்குப் போனாலும் "கணக்கு, 72"ன்னு சேத்துச் சொல்லும், சி-க்குப் பதிலா ஆர் அடிச்சு பேரு இருக்கற நெடுவரிசையையும் குறிச்சுக்கலாம். லிப்ரே ஆபீஸ் கால்க்ல அதே என்விடிஏ "72, எஃப் 41"னு தான் சொல்லும், எஃப் என்ன பாடம், 41 யாருன்னு நீங்க மனசுல வச்சுக்கணும். வீட்டு வரவு செலவு எழுதறதுக்குப் பரவால்ல. வேலைக்குப் போற இடத்துல நாள் முழுக்க ஷீட்டோட உக்காரணும்னா அது தண்டனை. இதுல ஒரு வேடிக்கை, லினக்ஸ்ல ஓர்கா ஸ்க்ரீன் ரீடர்ல இதே ஹெடர் குறிக்கற வசதி கால்க்குக்கு இருக்கு, ஓப்பன் ஆபீஸ் காலத்துலயே இருந்துச்சு. அதாவது ஒரே கால்க், லினக்ஸ்ல புத்திசாலி, விண்டோஸ்ல கொஞ்சம் மந்தம். இதுக்குத்தான் சாஃப்ட்வேரை மட்டும் தனியா ஒப்பிடாதீங்க, ஜோடியா ஒப்பிடுங்கன்னு சொல்றேன்.

லிப்ரே ஆபீஸ்ல ஸ்லைடு பண்ற இம்ப்ரெஸ் பத்திப் பெருசா சொல்ல எதுவும் இல்ல. ஸ்லைடு தயாரிக்கறது கேட்டு மட்டும் வேலை செய்யறவங்களுக்கு எதுலயும் கஷ்டம், பவர்பாயின்ட் கொஞ்சம் தேவலாம்.

கணக்கு படிக்கற பசங்களுக்கு ஒரு தனி விஷயம். லிப்ரே ஆபீஸ்ல ஃபார்முலாவை எழுத்தாவே அடிக்கலாம், பின்னத்துக்கு ஓவர், வர்க்கமூலத்துக்கு எஸ்கியூஆர்டின்னு அடிச்சுட்டே போனா அது சமன்பாடா மாறிடும், மவுஸால சின்னத்தைத் தேட வேண்டாம். எழுதறதுக்கு ரொம்ப வசதி. ஆனா எழுதின சமன்பாட்டை உள்ள புகுந்து துண்டு துண்டா வாசிக்கறதுக்கு வேர்டும் என்விடிஏவும், சமன்பாட்டைப் பேச்சா மாத்தற மேத்கேட்டும் சேந்த கூட்டணி தான் முன்னாடி நிக்குது.

லினக்ஸ் பக்கம் போனா கேள்வியே சுருங்கிடுது, அங்க ஓர்காவும் லிப்ரே ஆபீஸும் தான், வேற போட்டி கிடையாது. ஓர்கா சன் கம்பெனில பொறந்தது, ஓப்பன் ஆபீஸும் அதே கம்பெனிது, அதனால ரெண்டுக்கும் அந்தக் காலத்துலேர்ந்தே பழக்கம். லினக்ஸ்ல பல டெஸ்க்டாப் தோற்றம் உண்டு, அதுல நோம் அல்லது மேட் டெஸ்க்டாப்ல வைங்க, அதுங்க பயன்படுத்தற ஜிடிகே வழியா ஓடற லிப்ரே ஆபீஸ் தான் ஓர்காவுக்கு நல்லா பேசும். கேரளாவுல பள்ளிக்கூடத்துல உபுண்டுங்கற லினக்ஸை அடிப்படையா வச்சே பாடம் நடத்தறாங்க, அந்த ஊர்லேர்ந்தே பார்வையில்லாதவங்களுக்குன்னு ஆக்சஸிபிள் கோகோநட்னு உபுண்டு மேட் அடிப்படைல ஒரு ஆபரேட்டிங் சிஸ்டமும் வந்திருக்கு, தேவையான டூல் எல்லாம் முன்னாடியே போட்டு வரும். பழைய கம்ப்யூட்டர், புது விண்டோஸ் ஏறாது, சொல்லித்தர லினக்ஸ் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல இருக்காருன்னா தைரியமா போலாம். அந்த ஆள் இல்லன்னா வேண்டாம், ஒரு அப்டேட்ல சவுண்டு போச்சுன்னா பார்வையில்லாதவருக்கு முழு கம்ப்யூட்டரும் போனதுக்குச் சமம்.

மத்ததெல்லாம் வேகமா பாத்துடலாம். அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் 2014லேர்ந்து இன்னும் 4.1 வரிசைலயே தான் நிக்குது, புதுசா போடறவங்க தேட காரணமே இல்ல. ஒன்லி ஆபீஸ் பாக்க அப்படியே வேர்டு மாதிரி இருக்கும், வேர்டோட டாக்எக்ஸ் ஃபைலை உருக்குலையாம திறக்கும், பார்வையுள்ளவங்க நிறையப் பேரு பரிந்துரைக்கறாங்க. ஆனா அது பக்கத்தை ஒரு கேன்வாஸ்ல படமா வரையற ரகம், ஸ்க்ரீன் ரீடர் சப்போர்ட்டு ரொம்பப் பிந்தி வந்துச்சு, அதையும் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல போயி ஆன் பண்ணணும். என்னோட கருத்து, ஸ்க்ரீன் ரீடரை நம்பி இருக்கறவங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். கூகுள் டாக்ஸ் ஓப்பன் சோர்ஸ் கிடையாது, அதுவும் கேன்வாஸுக்கு மாறினது தான், ஆனா கன்ட்ரோல் ஆல்ட் இசட் அடிச்சா ஸ்க்ரீன் ரீடர் சப்போர்ட்டு ஆன் ஆகும், நாலு பேரு சேந்து ஒரே ஃபைல்ல எழுதணும்னா அதுக்கு ஈடு இல்ல. காலேஜா இருந்தா இன்னொண்ணும் விசாரிங்க, தகுதியுள்ள கல்வி நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸோட வெப் வெர்ஷனை இலவசமாவே தர்றாங்க, நிறைய காலேஜுக்கு அது தங்ககிட்ட இருக்கறதே தெரியாது.

அப்புறம் யாரும் பேசாத ஒரு வழி, ஆபீஸ் சாஃப்ட்வேரே இல்லாம நோட்பேட்ல மார்க்டவுன்ல எழுதி பேன்டாக் வச்சு டாக்எக்ஸா மாத்தறது. வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போட்டா ஹெடிங், ரெண்டு போட்டா சப் ஹெடிங், எல்லாமே எழுத்தா இருக்கறதால ஸ்க்ரீன் ரீடருக்கு மறைக்க ஒண்ணுமே இல்ல. கமாண்ட் லைனுக்குப் பயப்படாத பையன்னா இதைக் காட்டிக் குடுங்க, அப்புறம் அவன் ரைட்டர் பக்கமும் வரமாட்டான், வேர்டு பக்கமும் வரமாட்டான்.

அப்பாவுக்குக் கேட்டவங்களுக்கு வர்றேன். பார்வை குறைஞ்சவங்க கணக்கு வேற, அவங்களுக்கு மேல சொன்ன சண்டை பாதி தேவையில்ல. லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல வியூ மெனுல வெப்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுட்டு 200, 250னு ஜூம் பண்ணா வரி ஸ்க்ரீனுக்கு வெளிய ஓடாம மடிஞ்சு மடிஞ்சு வரும், பக்கவாட்டுல நகத்த வேண்டியதே இல்ல. ஐகான் சைஸைப் பெருசாக்கிக்கலாம், 7.5 வெர்ஷன்லேர்ந்து டார்க் மோடும் ஹை கான்ட்ராஸ்ட்டும் உருப்படியா இருக்கு. விண்டோஸ் பட்டனோட பிளஸ் அடிச்சா மேக்னிஃபையர் வரும், அதுவும் சேந்தா லெட்டர் அடிக்கறதுக்கு காசு குடுத்து எதுவுமே வாங்க வேண்டாம்.

லிப்ரே ஆபீஸ் ஜெயிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அது பார்வையுள்ளவங்க பக்கம். வாத்தியார் நோட்ஸ் தயார் பண்றாரு, அதை பார்வையில்லாத பையன் படிக்கணும். 2020ல வந்த 7.0லேர்ந்து டூல்ஸ் மெனுல ஆக்சஸிபிலிட்டி செக் இருக்கு, படத்துக்கு விளக்கம் எழுதல, டேபிள்ல செல் மெர்ஜ் ஆகியிருக்கு, கலர் மங்கலா இருக்கு, டாக்குமென்ட் மொழி குறிக்கலன்னு ஒவ்வொண்ணா காட்டும். வேர்டுலயும் செக்கர் இருக்கு, ஆனா ரைட்டர்ல அப்படியே பிடிஎஃப் யூஏன்னு ஆக்சஸிபிள் பிடிஎஃப்புக்கான ஸ்டாண்டர்ட்லயே எக்ஸ்போர்ட் பண்ணலாம், 2018ல வந்த 6.0லேர்ந்து இபப்ங்கற மின்புத்தகமாவும் தரலாம், பையன் ஆண்ட்ராய்டு போன்ல டாக்பேக் ஸ்க்ரீன் ரீடர் போட்டு கேட்டுக்குவான். ஒரு பைசா செலவில்ல, அதனால ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல லிப்ரே ஆபீஸ் போடறதுக்கு எந்த விவாதமும் தேவையில்ல.

லேப்ல என்ன போடறதுன்னு திருப்பிக் கேட்டா: எல்லா மெஷின்லயும் என்விடிஏவும் புது லிப்ரே ஆபீஸும், முடிஞ்சா அதுல ரெண்டு மெஷின்ல மட்டும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸும். எழுதற வேலை எல்லாம் லிப்ரே ஆபீஸ்ல நடக்கும், எக்செல் பழகறதும் தீசிஸ் திருத்தறதும் அந்த ரெண்டுல நடக்கும், வேலைக்கு இன்டர்வியூ போற பசங்க எக்செல் தெரியாம போகக்கூடாது, கம்பெனில அதுதான் இருக்கும். முடிவு பண்றதுக்கு முன்னாடி படிக்கப்போற ஒருத்தரைக் கூப்ட்டு உக்கார வச்சு, ஒரு லெட்டர், ஹெடிங் உள்ள ஒரு பத்து பக்கம், ஒரு மார்க் லிஸ்ட், இந்த மூணையும் அவங்களையே செய்யச் சொல்லுங்க, நீங்க மவுஸைத் தொடாதீங்க. லிப்ரே ஆபீஸ்ல தடுமாறுற இடத்தை எழுதி, அவங்க பிழைகளைப் பதியற பக்ஸில்லாங்கற தளத்துல போடுங்க, படிக்கறாங்க, சிலது திருத்தவும் செய்யறாங்க.

தமிழ் பத்தி சொல்லாம விட்டா இது முழுசாகாது. குரலுக்கு என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக்ல தமிழ் இருக்கு, ரோபோ மாதிரி பேசும், ஆனா வேகமா வச்சாலும் தெளிவு குறையாது, பழகினவங்க அதைத்தான் விரும்பறாங்க. கேக்க இதமா வேணும்னா விண்டோஸ்ல தமிழ் மொழியைச் சேத்து, வள்ளுவர்ங்கற குரலை எடுத்துக்கலாம், என்விடிஏ அதையும் ஏத்துக்கும். பிரெயில் டிஸ்ப்ளே இருந்தா, எழுத்தை பிரெயிலா மாத்தற லிப்லூயிஸ்ல தமிழ் டேபிளும் இருக்கு. இதெல்லாம் எந்த ஆபீஸ் போட்டாலும் ஒண்ணுதான்.

உண்மையான தலைவலி பழைய ஃபான்ட். நோட்ஸ், கேள்வித்தாள், சுற்றறிக்கைன்னு நம்ம ஊர்ல கிடக்கற வேர்டு ஃபைல்ல பாதி பாமினிலயோ வானவில்லயோ அடிச்சது. பாமினில "அம்மா"ன்னு கண்ணுக்குத் தெரியறது ஃபைலுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, எச்னு இங்கிலீஷ் எழுத்தா தான் இருக்கும், ஸ்க்ரீன் ரீடர் அதை அப்படியே வாசிக்கும், வேர்டா இருந்தாலும் ரைட்டரா இருந்தாலும் ஜாஸே வாங்கிப் போட்டாலும் அதே உளறல் தான். 2010ல தமிழ்நாடு அரசு, உலகம் முழுக்க பொதுவான யூனிகோடையும், டேஸ்16ங்கற இன்னொரு தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமா அறிவிச்சது, அதுல டேஸ்16 பொது அர்த்தம் இல்லாத தனி உபயோகப் பகுதில உக்காந்திருக்கறதால அதையும் ஸ்க்ரீன் ரீடர் தமிழா படிக்காது, யூனிகோட் மட்டும் தான் படிக்கும். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசமா கிடைக்கறது இருக்கு, டிபார்ட்மென்ட் நோட்ஸை மொத்தமா அதுல போட்டு யூனிகோடுக்கு மாத்தி, ஹெடிங்குக்கு ஸ்டைல் குடுத்து வச்சுடுங்க, லேப் திறக்கறதுக்கு முன்னாடி, யாராவது ஒரு ஸ்டூடன்ட் வாலன்டியரை உக்கார வச்சாவது.